கடன் கட்டிய அரண்மனை: சேப்பாக்கத்தில் தொடங்கி நான்கு நாள்

நாள் 1, செவ்வாய்

கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறி, காலையில் திருவல்லிக்கேணியில் பெரியப்பா வீட்டில் பையைப் போட்டாயிற்று. பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. சேப்பாக்கம் அரண்மனைக்குள் இயங்கிய ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று எழுதக்கூடாது என்பது அவர் முதலிலேயே போட்ட கண்டிஷன். "பென்ஷன் வாங்குறவன்டா நான். பேரு கீரு வேண்டாம்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சென்னைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். மெரினாவுக்குப் போகாமல் திரும்பியதில்லை. ஆனால் அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு நவாபின் அரண்மனை இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. காரணம் ரொம்ப எளிது. சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. முன்னால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் நிற்கிறது, பொதுப்பணித் துறைக் கட்டடம் நிற்கிறது. அவற்றின் முதுகுக்குப் பின்னால் அரண்மனை ஒளிந்திருக்கிறது. தாலுகா அலுவலகத்து வாசலில் மனு எழுதுகிறவர்கள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாதே, அது மாதிரி.

பறக்கும் ரயிலில் போகலாம் என்றேன். வீட்டிலிருந்து நடந்தாலே பத்து நிமிஷம்தான், ஆனாலும் சேப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஸ்டேஷனுக்கு மேற்கே கிரிக்கெட் ஸ்டேடியம், கிழக்கே அரண்மனை. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மதிலுக்குள் இருந்தவை. நவாபின் தோட்டம் மொத்தம் 117 ஏக்கர். வடக்கே கூவம், கிழக்கே கடல், மேற்கே இன்றைய பெல்ஸ் ரோடு, தெற்கே பைகிராஃப்ட்ஸ் ரோடு. 1934இல் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆடியதும், 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்திடமிருந்து பறித்ததும் அந்தத் தோட்டத்து மண்ணில்தான். பிட்சுக்கு அடியில் நவாபின் மாமரங்களின் வேர் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பெரியப்பாவைக் கேட்டேன். "பால் திரும்புறதுக்கு அதுதான் காரணம்னு எழுதிடாதே" என்றார்.

உள்ளே போனதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அரண்மனை இல்லை, பார்க்கிங். வரிசையாக ஸ்கூட்டர்கள், ஜீப்புகள், ஒரு டீக்கடை, ஜெராக்ஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு அலைகிற இரண்டு பேர். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினேன். இரண்டு தனித்தனி மாளிகைகள். ஒன்று கலஸ் மகால், இரண்டு மாடி, சிவப்பு. இன்னொன்று ஹுமாயூன் மகால், தர்பார் மண்டபம் இருந்தது அதில்தான். 1768இல் கட்டியது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கட்டிக்கொண்ட வீடு. இரண்டுக்கும் நடுவில் உயரமாக ஒரு சதுரக் கோபுரம். அதன் உச்சியில் நின்றுதான் நவாப் கடலில் வருகிற கப்பல்களைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் கட்டடக்கலை பற்றி நாலு வரி. வட இந்திய முகலாய வளைவுகளையும் ஐரோப்பியக் கட்டுமானத்தையும் கலந்து எழுப்புகிற பாணிக்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர். சென்னை முழுக்க உயர் நீதிமன்றம், எழும்பூர் ஸ்டேஷன், அருங்காட்சியகம் என்று பார்க்கிறோமே, அதுதான். அந்தக் கட்டடங்களெல்லாம் வருவதற்கு நூறு வருஷம் முன்பே அந்தக் கலவையைக் கலந்து பார்த்த இடம் இது. சுவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரைக்கு மெட்ராஸ் டெரஸ்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்பதைப் பெரியப்பா தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களை அடுக்குவார்கள். அதன்மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல், நெட்டுக்குத்தாக, உத்தரத்துக்குக் குறுக்குவாட்டில் சாய்வாக வரிசைகட்டி, இடையில் சுண்ணாம்புக் கலவையை வைத்து இறுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்காகத் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். சிமென்ட் ஒரு துளி கிடையாது, கம்பியும் கிடையாது.

"வெயிலுக்கு அவ்வளவு குளிர்ச்சியா இருக்கும். மே மாசத்துல கூட ஃபேன் வேண்டாம். ஆனா மழைன்னா ஃபைலைத் தூக்கிட்டு ஓடணும்" என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த உயரமான ஹாலைப் பலகைத் தடுப்புகள் போட்டு ஏழெட்டுச் செக்‌ஷனாகப் பிரித்திருந்தார்களாம். கூரை எங்கேயோ இருந்ததால் ஃபேனை நீளக் குழாயில் தொங்கவிட்டிருந்தார்களாம். தூண்களுக்கு நடுவில் பீரோ. வளைவுகளுக்குக் கீழே வெள்ளை நாடா கட்டிய கட்டுகள் ஆள் உயரத்துக்கு. ஒரு புறா அவருடைய செக்‌ஷன் சூப்பிரண்டின் தலைக்கு நேர் மேலே கூடு கட்டியது என்றும், அவர் மூன்று மாதம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றும் சொன்னார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சம்பள நாளன்று மத்தியானம் வராந்தாவில் வட்டிக்காரர்கள் வந்து நின்றுவிடுவார்களாம். கையில் சின்ன நோட்டு. யாரும் சத்தம் போடமாட்டார்கள். கவர் வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பின்பக்கமாக இறங்கித் தப்பிக்கிறவர்களுக்கு என்றே இன்னொரு வட்டிக்காரர் பின்பக்கம் நிற்பாராம்.

"ராஜா வாழ்ந்த இடத்துல நாங்கள்லாம் கடன்காரனா நின்னோம்" என்று சிரித்தார்.

நவாபும் அப்படித்தான் நின்றார் பெரியப்பா என்றேன். அந்தக் கதை நாளைக்கு.

கிளம்புவதற்கு முன் கலஸ் மகாலை ஒரு சுற்றுச் சுற்றினோம். 2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை. நள்ளிரவில் இங்கே தீப்பிடித்து, மரக் கூரை முழுக்க எரிந்து விழுந்தது. அணைக்க உள்ளே போன தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்துபோனார். வெறும் சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது, அது நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பழைய முறைப்படியே சுண்ணாம்பும் மரமும் கொண்டு மீட்டெடுத்தார்கள். இப்போது உள்ளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. கறுப்புக் கோட்டுகள் படியேறிப் போகின்றன. வளைவு ஒன்றின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு முட்டை ஓடு போல வழவழவென்று, வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பெரியப்பா ஓய்வு பெற்று ஐந்து வருஷத்தில் நடந்த தீ. டிவியில் பார்த்தாராம். "எழுந்து போய் வாசல்ல நின்னுட்டேன். புகை வாசனை திருவல்லிக்கேணி வரைக்கும் வந்துது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நாள் 2, புதன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுக் காலைக் காபியோடு திட்டும் கிடைத்தது. அந்தச் சதுரக் கோபுரம் நவாப் கட்டியதில்லை. நவாப் பரம்பரை போன பிறகு, ராபர்ட் சிஸம் என்ற அரசுக் கட்டடக் கலைஞர் 1860களின் கடைசியில் இரண்டு மாளிகைகளையும் இணைத்துக் கட்டியது. ஆகவே நவாப் அதில் ஏறிக் கப்பல் பார்த்திருக்க வழியே இல்லை. "முப்பது வருஷம் அதுக்குக் கீழ நின்னு டீ குடிச்சவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கறதுதானே" என்றார். திருத்தம் ஏற்கப்பட்டது.

இன்று கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, கர்நாடக நவாபுகள் என்றும் சொல்லப்படும் ஆற்காட்டு நவாபுகளின் பெரிய ஓவியங்கள் அங்கே மாட்டியிருக்கின்றன. பெரியப்பாவுக்கு முட்டிவலி, வரவில்லை. தலைமைச் செயலகம் அதே கோட்டைக்குள் இருப்பதால் வாசலில் சோதனை, பை ஸ்கேன், எல்லாம் உண்டு. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

நவாப் ஏன் சேப்பாக்கத்துக்கு வந்தார் என்பதற்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய தலைநகரம் ஆற்காடு. 1749இல் ஆம்பூர்ப் போரில் அவருடைய அப்பா அன்வருத்தீன் கொல்லப்பட்டார். மகன் திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபை நவாபாக்கினார்கள், ஆங்கிலேயர்கள் முகம்மது அலியைப் பிடித்துக்கொண்டார்கள். திருச்சி முற்றுகையில் இவர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, ராபர்ட் கிளைவ் 1751இல் ஆற்காட்டைப் பிடித்து எதிரியின் கவனத்தைத் திருப்பினார். அடுத்த வருஷம் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகம்மது அலிக்கு நாடு கிடைத்தது. கூடவே, நாட்டைப் பிடித்துக் கொடுத்தவர்களின் பில்லும் வந்தது.

அதாவது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் செலவை நவாப் கொடுக்க வேண்டும். வருமானம் போதவில்லை. அதற்கு வட்டிக்குக் கடன். யாரிடம்? கம்பெனியின் அதிகாரிகளிடமே, அவர்களுடைய சொந்தக் கணக்கில். சம்பளம் கம்பெனியிடம், சம்பாத்தியம் நவாபிடம். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன். செங்கல்பட்டுச் சீமையை 1763இலேயே கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தாயிற்று.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு மனிதர் எங்கே குடியிருக்க ஆசைப்படுவார்? கடன் கொடுத்தவன் வீட்டுக்குப் பக்கத்தில்தான். கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டிக்கொள்ள இடம் கேட்டார், கொடுக்கவும் சம்மதித்தார்கள். அப்புறம் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கோட்டைக்குள் இன்றைக்கும் அரண்மனை இல்லாத ஒரு அரண்மனைத் தெரு, பேலஸ் ஸ்ட்ரீட், இருக்கிறது. கடைசியில் கோட்டையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள், சேப்பாக்கத்தில் மனையை வாங்கினார்.

கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1764இல் கம்பெனி வேலைக்கு மதராஸ் வந்தவர். கோட்டைச் சுவர் வேலையும், கருப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிய மதில் வேலையும் கான்ட்ராக்ட் எடுத்தவர். அந்த மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இன்னும் நிற்கிறது. கான்ட்ராக்டில் சம்பாதித்ததை வட்டிக்கு விட்டார். பெரிய வாடிக்கையாளர், நவாப். வீட்டைக் கட்டித் தந்ததாகச் சொல்லப்படுகிறவரும், அந்த வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள்.

1773இல் நவாப் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். மராட்டிய மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை. தஞ்சாவூரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஜார்ஜ் பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776இல் அவர் துளஜாஜியை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். உடனே பென்ஃபீல்டு ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். தஞ்சாவூர் வருமானத்தின்மேல் நவாப் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், 2,30,000 பவுண்டுக்கு மேல் வர வேண்டியிருக்கிறது, வயலில் நிற்கிற நெல்லே தன்னுடையது என்றார். நடுத்தர அதிகாரி ஒருவரிடம் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று பிகட் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கவுன்சிலில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தார்கள்.

1776 ஆகஸ்ட் 24 இரவு, வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரை வழிமறித்துக் கைது செய்தது அவருடைய சொந்த ராணுவம். பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். அடுத்த மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். ஒரு வட்டிக்கடைக் கணக்கு ஒரு கவர்னரையே சாப்பிட்டுவிட்டது. அருங்காட்சியகத்தில் அந்தக் கால நாணயங்களையும் வாள்களையும் பார்த்துக்கொண்டே வந்தவன், வாள்களை வேகமாகக் கடந்துவிட்டேன். இந்தக் கதையில் வாளுக்கு வேலை குறைவு.

விஷயம் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை போயிற்று. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி எழுந்து பேசிய பேச்சு அங்கே பிரசித்தம். நவாபின் கடன்களை விசாரிக்க 1805இல் போட்ட கமிஷன் பல வருஷம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. மொத்தமாக வந்து விழுந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். உண்மையான கடன் என்று தேறியது அதில் 30 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மிச்சமெல்லாம் போலிப் பத்திரம், ஊதிப் பெருக்கிய வட்டி, இல்லாத பாக்கி.

பென்ஃபீல்டு என்ன ஆனார்? பெரும் பணக்காரராக ஊர் திரும்பி, எல்லாவற்றையும் தொலைத்து, 1810இல் பாரிஸில் வறுமையில் செத்தார்.

சாயங்காலம் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் யோசித்தார். பின்பக்கம் நிற்கிற வட்டிக்காரர் ஒருத்தர் என்று நேற்று சொன்னாரே, அவரும் கடைசியில் நொடித்துப்போனாராம். கடன் வாங்கினவர்கள் எல்லாம் மாற்றலாகிப் போய்விட்டார்களாம்.

நாள் 3, வியாழன்

இன்று முழுக்க நடைதான். காலையில் பெரியப்பாவும் வந்தார், ஆட்டோ வைத்துக்கொண்டு.

முதலில் திருவல்லிக்கேணி பெரிய மசூதி, வாலாஜா பள்ளிவாசல். 1795இல் கட்டியது, நவாப் இறந்த வருஷமும் அதுவே. கறுங்கல் கட்டடம், மரமும் இரும்பும் சேர்க்காமல் எழுப்பியது என்கிறார்கள். வாசல் தாண்டினால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம் சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. அவ்வளவு பெரிய வெட்டவெளி. கல்வெட்டிலுள்ள பாரசீகக் கவிதையை எழுதியவர் ராஜா மக்கன் லால், நவாபிடம் இருந்த ஒரு இந்து. இன்றைக்கும் ரமலான் மாதம் முழுக்க மயிலாப்பூரைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் இங்கே நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பெரியப்பாவுக்கு இது ஒரு செய்தியே இல்லை. "நம்ம தெருவுல இதெல்லாம் வழக்கம்டா" என்றார்.

அங்கிருந்து ராயப்பேட்டை. அமீர் மகால். சிவப்புச் சதுரக் கோபுரங்கள், பெரிய வாசல். உள்ளே இன்றும் ஆற்காடு இளவரசர் குடும்பம் வசிக்கிறது, ஆகவே வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. சேப்பாக்கத்திலிருந்து இங்கே வந்து சேர இந்தக் குடும்பத்துக்கு இருபது வருஷம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்ல 1801க்குப் போக வேண்டும்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்புவின் ஆவணங்களில் நவாப் எழுதிய கடிதங்கள் கிடைத்தன என்று கம்பெனி சொன்னது. அப்போது நவாப், வாலாஜாவின் மகன் உம்தத்துல் உம்ரா. 1801 ஜூலையில் சேப்பாக்கம் அரண்மனையில் அவர் சாகக் கிடந்தபோதே, காவல் என்ற பெயரில் கம்பெனிச் சிப்பாய்கள் அரண்மனையைச் சூழ்ந்து நின்றார்கள். ஜூலை 15 அன்று அவர் இறந்தார். அவருடைய மகன் அலி ஹுசைனிடம், ஆட்சியை எழுதிக் கொடு, பட்டத்தை வைத்துக்கொள் என்றார்கள். அவர் மறுத்தார். உறவுமுறையில் இன்னொருவர், அஸிமுத்தௌலா, சரி என்றார். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு, நாடு முழுக்கக் கம்பெனிக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அப்போது மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ். 1751இல் ஆற்காட்டைப் பிடித்து முகம்மது அலியைக் காப்பாற்றிய ராபர்ட் கிளைவின் மகன். அப்பா கொடுத்ததை மகன் வசூல் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஐம்பத்து நாலு வருஷம் சேப்பாக்கத்தில் நாடில்லாத நவாபுகள். கடைசி நவாப் குலாம் கௌஸ் கான். குழந்தையாக இருக்கும்போதே 1825இல் பட்டத்துக்கு வந்தவர். 1855இல் வாரிசு இல்லாமல் இறந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவின் காலம் அது, வாரிசில்லாச் சமஸ்தானங்களை விழுங்கிக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா அஸிம் ஜா தனக்கு உரிமை என்று கேட்டார், நவாப் பட்டமே இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நவாபின் கடன்களை அடைப்பதற்கென்று அரண்மனையை 1859இல் ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தது யார்? மதராஸ் அரசாங்கமே. விட்டவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அஸிம் ஜாவுக்கு 1867இல் ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் விக்டோரியா மகாராணியிடமிருந்து வந்தது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஷாதி மகாலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, குடும்பம் 1876இல் அமீர் மகாலுக்கு மாறியது. அமீர் மகால் 1798இல் அலுவலகங்களுக்காகக் கட்டப்பட்ட கட்டடம். அதை இளவரசர் குடியிருக்கத் தக்கபடி மாற்றிக் கொடுத்தவர் அதே சிஸம். கவனியுங்கள்: அரண்மனையை அலுவலகமாக்கி, அலுவலகத்தை அரண்மனையாக்கிக் கொடுத்தார்கள். பெரியப்பா ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, "மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர்" என்றார்.

மத்தியானம் ரத்னா கஃபேயில் இட்லி மிதக்க மிதக்கச் சாம்பார். அது பற்றித் தனியாகவே ஒரு நாள் எழுதலாம், இப்போது வேண்டாம்.

பிற்பகலில் மறுபடியும் அரண்மனை. ஏலத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கட்டடங்களை வைத்தே படிக்கலாம். சிஸம் 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்தவர். கல்லூரி 1870இல் முடிந்தது, செனட் ஹவுஸ் 1879இல். இரண்டும் நவாபின் தோட்டத்தில். செனட் ஹவுஸ் இருக்கும் பக்கம்தான் கடற்காற்று வாங்கவும் குளிக்கவும் நவாப் வைத்திருந்த மெரைன் வில்லா நின்றது. ஹுமாயூன் மகாலுக்குக் கடலைப் பார்த்தாற்போல ரெவின்யூ போர்டு கட்டடம் எழுந்தது. முதல் நாள் அரண்மனை தெரியவில்லை என்று புலம்பினேனே, மறைத்த முதல் ஆள் சிஸம்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. புதிதாகக் கட்டியதை எல்லாம் பழைய அரண்மனையின் சாயலிலேயே கட்டினார். சேப்பாக்கத்தின் வளைவுகள் அப்படித்தான் கடற்கரை நெடுகப் பரவின.

கலஸ் மகாலுக்குள் 1862 முதல் ஒரு கல்லூரி நடந்தது. 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கி, பிறகு பொறியியல் கல்லூரி ஆனது. 1920இல் இடம் போதாமல் கிண்டிக்குப் போயிற்று. ஆமாம், அதே கிண்டி பொறியியல் கல்லூரி. கடனில் கட்டின வீட்டில் அறுபது வருஷம் பையன்கள் உட்கார்ந்து எஸ்டிமேட் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இருட்டுகிற நேரத்தில் பெரியப்பா தன்னுடைய பழைய மேசை இருந்த இடத்தைக் காட்ட முயன்றார். வெளியிலிருந்தே ஜன்னல்களை எண்ணினார். மூன்றாவது என்றார், இல்லை நாலாவது என்றார். காவலர் ஒருவர் வந்து, யாரைப் பார்க்க வேண்டும் ஐயா என்று மரியாதையாகக் கேட்டார். "யாரையும் இல்லைப்பா. நான் இங்கதான் இருந்தேன்" என்றார். காவலர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி திருச்சிக்கு ரயில்.

நாள் 4, வெள்ளி

திருச்சி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வீட்டுக்காரரைப் பார்க்க என்றேன்.

முதலில் ஒரு அசட்டுத்தனம். மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் என்று சொல்லப்படும் பழைய நாயக்கர் தர்பார் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சொக்கநாத நாயக்கர் மதுரையிலிருந்து தலைநகரை மாற்றியபோது, திருமலை நாயக்கர் மகாலிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவற்றை வைத்துக் கட்டிய அரண்மனை என்பார்கள். பின்னால் நவாபின் கைக்கும் வந்தது. அதே வளாகத்தில் இன்று அரசு அலுவலகங்கள். சேப்பாக்கத்துக்கு அண்ணன் முறை. ஆவலோடு போய் நின்றால் பூட்டு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் அதுவே வார விடுமுறை என்று தெரிந்து புதன்கிழமை போனவன், திருச்சிக்கு வெள்ளிக்கிழமை வந்தேன். கும்மட்டத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, எதிரில் பன்னீர் சோடா குடித்தேன்.

அங்கிருந்து நத்தர்வலி தர்கா நடந்து போகிற தூரம்தான். வெள்ளிக்கிழமை ஆகையால் நல்ல கூட்டம். பூக்கடை, சர்க்கரைப் பொட்டலம், குழந்தைகளுக்கு ஓத வந்த தாய்மார்கள், அவர்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம்.

வாலாஜா 1795 அக்டோபரில் சென்னையில் இறந்தார். முதலில் மயிலாப்பூரில் அடக்கம் செய்து, சில வருஷம் கழித்து உடலை இங்கே கொண்டுவந்தார்கள். வாலிபத்தில் உயிருக்குப் பயந்து ஓடி வந்து ஒளிந்த ஊர் இது, கடைசியில் இங்கேயே திரும்பி வந்துவிட்டார். இதே தர்காவில்தான் சந்தா சாகிபும் அடக்கமாகியிருக்கிறார். யாருக்கு ஆற்காடு என்று இருபது முப்பதாயிரம் பேரைச் சாகக் கொடுத்து அடித்துக்கொண்டவர்கள் என்று எழுத வந்தேன், எண்ணிக்கை நானாகப் போட்டது, அடித்துவிடுகிறேன். ஊரே நாசமாகும்படி அடித்துக்கொண்டவர்கள். அந்த இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சாம்பிராணிப் புகை போகிறது.

ஓர் ஓரமாக உட்கார்ந்து பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன் பெரியப்பா."

"கூட்டமா?"

"வெள்ளிக்கிழமை இல்லையா, நல்ல கூட்டம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"உண்டியல் இருக்குமே அங்க. என் பேர்ல ஒரு அம்பது ரூபா போடு. அவரு வீட்டுல முப்பது வருஷம் வாடகை குடுக்காம உட்கார்ந்திருக்கேன்."

போட்டேன். ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன் என்றார். ஊர் திரும்புகிற ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கரூர் தாண்டிவிட்டது. இன்னும் வரவில்லை.